வேலூர் லாங்கு பஜாரில் கிடைக்கும் ஸ்டார் சார்ட்: எதை வாங்கலாம், எதை விடலாம்

"பல்லு துலக்கினா சாக்லேட் தரேன்" என்கிற பேரத்திலிருந்து வெளியே வர நினைக்கும் பெற்றோருக்குக் கடைகளில் மூன்று சரக்கு கிடைக்கிறது: காந்த வில்லைகளோடு வரும் ஸ்டார் பலகை, கட்டம் அச்சடித்த ஸ்டார் சார்ட், தனியாக விற்கும் ஸ்டிக்கர் தாள். பிள்ளை ஒரு வேலையை முடிக்கும்போதெல்லாம் ஒரு கட்டத்தில் வில்லையோ ஸ்டிக்கரோ வைத்து, கட்டங்கள் நிரம்பியதும் பரிசு தருவதுதான் இவற்றின் முறை. மூன்றிலும் விலை குறைந்தது ஸ்டிக்கர் தாள்தான். மூன்று வயது முதல் ஏழு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும்.

காந்தப் பலகையின் குறை அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. வேலைக்கு ஒன்றாகப் பத்து வரிசை, ஏழு கிழமை, ஆக எழுபது கட்டம். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதில் எது தன் வேலை என்றே பிடிபடாது. வரிசைகளில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். "நல்ல பிள்ளையாக இரு" என்பது போன்ற, அளக்க முடியாத கட்டளைகளும் அதில் உண்டு. மாலை ஐந்து மணிக்கு "இன்னைக்கு நீ நல்லா இருந்தியா?" என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும். ஞாயிறு ராத்திரி வில்லைகளை எல்லாம் எடுத்துவிட வேண்டியிருப்பதால், பிள்ளை சேர்த்தது கண்ணெதிரே காணாமல் போகிறது.

இதைவிடப் பெரிய கவலை அந்த வில்லைகள். பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்த குட்டிக் காந்தம் கீழே விழுந்து கூடு உடைந்தால் வெளியே வந்துவிடும். வலுவான இரண்டு காந்தங்களைப் பிள்ளை விழுங்கிவிட்டால், அவை குடல் சுவரின் இரு பக்கமிருந்தும் ஒன்றையொன்று இழுத்து நடுவே உள்ள சதையை நசுக்கி ஓட்டை போட்டுவிடும். அவசர அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும் விஷயம் இது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இந்தப் பலகை வேண்டவே வேண்டாம். இல்லாத வீட்டிலும், விளையாட்டுப் பொருளாக விற்றால் பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம்.

அச்சடித்த சார்ட் பரவாயில்லை ரகம். ஆபத்து இல்லை, ஆனால் அதே பத்து வரிசைச் சிக்கல் இதிலும் உண்டு. வாங்கிவிட்டவர்கள் ஒரு வரிசையை மட்டும் கத்தரித்துப் பயன்படுத்தலாம்.

இனி ஸ்டிக்கர் தாள். மினுமினுக்கும் குட்டி நட்சத்திரம் பார்க்க அழகு, ஆனால் பிஞ்சு விரலால் உரிக்கும்போது முனை கிழிந்துவிடும். பஞ்சு போல உப்பிய ரகம் சுலபமாக உரியும். அதே சுலபத்தோடு வாய்க்கும் போய்விடும். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில், வட்டமான, சாதாரணக் காகித ஸ்டிக்கர்தான் இந்த வேலைக்குச் சரி. வேலூர் வெயிலில் ஜன்னலோரம் வைத்த தாளில் பசை இளகி, உரிக்கும்போது பாதி தாளோடே நின்றுவிடும். தாளை நோட்டுக்குள் வைத்து நிழலில் வையுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் நேராக ஒட்டினால் மாவு மாவாக உதிர்ந்து வரும்.

ஒட்டுவதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகையின் வெறும் பக்கம் போதும். கெட்டி அட்டை, சுருளாது. மூன்று, நான்கு வயதுக்கு ஐந்து கட்டம் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் நிரம்ப வேண்டும். அந்த வயதில் ஒரு வாரம் என்பது முடிவே இல்லாத தூரம். ஐந்து வயதுக்கு மேல் பத்து கட்டம். காலை, ராத்திரி பல் துலக்கலுக்கு என்றால் வாரத்துக்குப் பதினாலு வாய்ப்பு. நாலு முறை தவறினாலும் அட்டை நிரம்பிவிடும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமையே பிள்ளை கைவிட்டுவிடும்.

ஓர் அட்டைக்கு ஒரே வேலை. அதுவும் கண்ணுக்குத் தெரிகிற வேலை: செருப்பை வரிசையில் விடுவது, சீருடையைத் தானே மாட்டுவது. வேலையை எழுதாமல் படமாக வரையுங்கள். அட்டையைப் பீரோ கதவில் பிள்ளையின் கண் உயரத்துக்கு ஒட்டுங்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் எண்ணிப் பார்க்கும் முன் அறையில் வேண்டாம். வேலை முடிந்த ஒரு நிமிடத்துக்குள் பிள்ளையே ஒட்ட வேண்டும், ஒட்டும்போது செய்ததைச் சொல்ல வேண்டும்: "கூப்பிடாமலே வந்து பல்லு துலக்கிட்டியே கண்ணு." ஒட்டியதை எந்தக் கோபத்திலும் பிய்க்கக் கூடாது. சம்பாதித்தது பறிபோகும் என்று தெரிந்தால் இந்த ஏற்பாட்டின் மேல் உள்ள நம்பிக்கையே போய்விடும். அண்ணன் அட்டையையும் தங்கை அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவதும் வினைதான்.

ஆயாவும் தாத்தாவும் தனியாக மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தால் காகித வட்டத்துக்கு மதிப்பு இருக்காது. ஸ்டிக்கர் தாளை அவர்கள் பொறுப்பிலேயே கொடுத்துவிடுவது நல்ல வழி. கொடுக்கிற சந்தோஷம் அவர்கள் கையிலேயே இருக்கும்.

அட்டை நிரம்பினால் பொருள் வாங்கித் தராமல் நேரத்தைத் தருவதே நல்லது. அப்பாவோடு கோட்டை அகழி ஓரம் ஒரு நடை, கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம், சத்துவாச்சாரி அறிவியல் மையம், பெரிய அட்டைக்கு அமிர்தி உயிரியல் பூங்கா. சின்ன அட்டைக்கு ராத்திரி இன்னொரு கதை, அல்லது நாளைக்கு என்ன குழம்பு என்று முடிவு செய்யும் உரிமை. எது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். சொன்ன அன்றே கொடுத்துவிடுங்கள்.

ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு போகக் கூடாத இடமும் உண்டு: பிள்ளை தானாகவே ஆசைப்பட்டுச் செய்யும் காரியம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஆசையுள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகள் சிலரிடம் "வரைந்தால் தங்க முத்திரை வைத்த சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொல்லி, அதன்படியே கொடுத்தார்கள். பிறகு பரிசுப் பேச்சே இல்லாமல் விட்டபோது, அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறையப் பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. ஆகவே வரைதல், கதைப் புத்தகம், பாட்டு இவற்றுக்கு அட்டை போடாதீர்கள். பல் துலக்கல், பை அடுக்குதல் போன்ற சலிப்பான வேலைகளுக்கு மட்டும்.

ஆற்காடு மக்கன் பேடாவை வீட்டை விட்டே விரட்ட வேண்டியதில்லை. சாப்பாட்டோடு எல்லோரும் சேர்ந்து உண்ணும்போது அது பலகாரம். நாளுக்கு ஐந்து முறை கூலியாக மிட்டாய் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் வாயில் அமிலம் ஊறிப் பல்லை அரிக்கும். எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை முறை என்பதும் பல்லுக்கு முக்கியம். இனிப்பைப் பரிசாக்கினால் அதன் மேல் ஆசையும் கூடும்.

ஒரு வேலைக்கு மூன்று நான்கு வாரம் போதும். வேலை பழக்கமானதும் கட்டங்களைக் கூட்டி, பிறகு நிறுத்திவிடலாம். வாய்ச்சொல்லை மட்டும் நிறுத்த வேண்டாம். இரண்டு வாரமாகியும் அட்டை நிரம்பவில்லை என்றால் வேலையைப் பாதியாகக் குறையுங்கள்: முழுப் பையை அடுக்குவதற்குப் பதில் டிபன் டப்பாவை மட்டும் எடுத்து வைத்தாலே ஒரு ஸ்டிக்கர்.