வெட்சூட் இல்லாத ஊரில் டிரையத்லான் நீச்சல்: சில ஆண்டுகளுக்குப் பிறகு என் பையில் இருப்பவை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் போட்டிதான் டிரையத்லான். யூடியூபில் அதன் நீச்சலைச் சொல்லித் தருகிறவர்களில் பெரும்பாலோர் குளிர்நாட்டுக்காரர்கள். போட்டியன்று அவர்கள் உடம்பில் வெட்சூட் இருக்கும். 5 மி.மீ. வரை தடித்த அந்த நியோபிரீன் ரப்பர் இடுப்பையும் காலையும் தானாகவே மேலே தூக்கிவிடும். நமக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. 1.5 கி.மீ. வரையிலான நீச்சலில் தண்ணீர் 22 டிகிரியைத் தாண்டினால் வயதுப்பிரிவில் போட்டியிடும் நம் போன்ற அமெச்சூர்கள் வெட்சூட் போடக் கூடாது என்பது உலக டிரையத்லான் அமைப்பின் விதி. இங்கே மலேசியாவில் போர்ட்டிக்சன் கடலும் லங்காவிக் கடலும் 28, 30 டிகிரியில் கிடக்கின்றன. ஆக, கோலாலம்பூரில் பழகுகிறவன் தன் காலைத் தானேதான் மிதக்க வைக்க வேண்டும். நீச்சல் பையில் உள்ள ஒவ்வொரு சாமானையும் நான் இதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

ஒலிம்பிக் தூரத்தின் 1.5 கி.மீ., மொத்தம் 70.3 மைல் தூரமுள்ள ‘70.3’ போட்டியின் 1.9 கி.மீ. இரண்டும் நீந்தியிருக்கிறேன். வேகம் நடுவாந்தரம். பெரியவரான பிறகு ஃப்ரீஸ்டைல் கற்றவர்களுக்குத்தான் இந்த அனுபவம் பொருந்தும். பள்ளி நாளிலேயே கிளப்பில் நீந்தியவர்களுக்குக் கால் மூழ்கும் கவலையே தெரியாது, அவர்கள் வேறு ரகம்.

எல்லோரும் முதலில் வாங்குவது புல் பாய். தொடை நடுவில் இடுக்கிக்கொள்ளும் நுரை மிதவை, டெகாத்லான் விளையாட்டுக் கடையில் மலிவாகவே கிடைக்கிறது. பொருளாகப் பார்த்தால் குறையே இல்லை: குளோரினில் ஊறினாலும் ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாகும், அவ்வளவுதான். ஆனால் அதை இடுக்கியதும் கால் மேலே வந்து, மூச்சு சுலபமாகி, 100 மீட்டருக்குப் பல விநாடிகள் குறைந்துவிடும். அந்தச் சுகத்தில் பயிற்சி நேரம் முழுக்க அதோடே நீந்துகிறவர்களை எந்தக் குளத்திலும் பார்க்கலாம். குளிர்நாட்டில் அது வெட்சூட்டுக்கு ஒத்திகை. இங்கே எதற்கும் ஒத்திகை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்போதும், கை நீரைப் பிடிக்கும் கோணத்தை மட்டும் கவனிக்க வேண்டிய குட்டி செட்டுகளிலும்தான் இப்போது அதை எடுக்கிறேன். மிதவையைத் தொடையிலிருந்து கணுக்காலுக்கு இறக்கினால் வயிற்றுத் தசை வேலை செய்தே ஆக வேண்டும். அப்படியானால் வைத்துக்கொள்ளலாம்.

என் பையிலேயே உருப்படியான சாமான் காசு கொடுத்து வாங்கியதில்லை. பக்கத்து லேனில் நீந்தும், தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சார் ஒருவர் கொடுத்த பழைய சைக்கிள் டியூப் துண்டு அது. ரேஸ் சைக்கிளின் மெல்லிய டியூபை முழ நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையையும் முடிந்திருந்தார். “தம்பி, இது பொய் சொல்லாது. கட்டிக்கிட்டு ஒரு தடவை அந்தப் பக்கம் போய்ட்டு வாங்க, அப்புறம் பேசலாம்” என்றார்.

கணுக்காலில் எட்டு வடிவில் சுற்றிக்கொள்ள வேண்டும். கால் உதைக்க முடியாது, தூக்கிவிட மிதவையும் இல்லை. தொடக்கத்தில் கால் ஈரச் சாக்கு மாதிரி கீழே இழுக்கும், உடம்பு ஏறக்குறைய நின்றுவிடும். அங்கேதான் பாடம் இருக்கிறது. தலையைத் தூக்கி எதிரே பார்த்தால் இடுப்பு உடனே இறங்குகிறது. பார்வையைத் தரைக்குக் கொண்டுவந்து, நெஞ்சைத் தண்ணீரில் சற்று அழுத்தினால் இடுப்பு ஏறுகிறது. முன்கையை நீட்டி ஒரு கணம் சும்மா வழுக்கினால் கால் விழுகிறது. அடுத்த கை தாமதமில்லாமல் நீரைப் பிடித்தால் விழுவதில்லை. மூச்சுக்குத் தலையைத் திருப்புவதற்குப் பதில் நிமிர்த்துகிற ஆளை அந்த மூச்சிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கோச் கரையில் நின்று கத்திச் சொல்வதையெல்லாம் ஒரு ரப்பர் துண்டு தண்ணீருக்குள்ளேயே சொல்லிவிடுகிறது. ஆழமில்லாத பக்கம், சுவரோரம் 25 மீட்டர், அரை நிமிஷம் ஓய்வு, மறுபடி 25 என்று ஆரம்பிப்பதே பத்திரம். இப்போது 200 மீட்டர் விடாமல் போக முடிகிறது. அதைக் கழற்றிய பிறகு நீந்தும் முதல் 100 மீட்டரில் இடுப்பு மேலேயே நிற்பதை உணரலாம். டியூப் கிழிந்தால் சைக்கிள் கடையில் கேளுங்கள், சும்மா கொடுப்பார்கள்.

அடுத்த இடம் முகத்தின் நடுவே நிற்கும் மூச்சுக் குழாயான ஸ்நார்க்கலுக்கு. மூச்சுக்காகத் தலை திருப்பும் வேலை இல்லாததால் கை எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். வலது கை தலையைத் தாண்டி இடப்பக்கம் குறுக்கே போகிற பழக்கத்தை இதில்தான் திருத்தினேன். முதல் இரண்டு வாரம் மூக்கில் தண்ணீர் ஏறி எரியும், மூக்குக் கிளிப் போட்டாலும் தப்பில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு பைக்குள் போட்டால் வாய்ப்பகுதி மஞ்சளித்து நாறிவிடும். குழாய் நீரில் அலசி நிழலில் காயவைக்கிறேன்.

உள்ளங்கையில் மாட்டும் தட்டையான கைப் பேடில்: சின்னது போதும். அகலப் பேடில் முதுகை வளர்க்கும் என்பார்கள், என் அனுபவத்தில் அது தோள்மூட்டைத்தான் தேடி வந்தது. மணிக்கட்டு ரப்பரைக் கழற்றிவிட்டு விரல் ரப்பரை மட்டும் வைத்திருக்கிறேன். கை தவறான கோணத்தில் இறங்கினால் பேடில் தானாகக் கழன்றுகொள்ளும். பொதுமக்கள் நேரத்தில் சில குளங்களில் லைஃப்கார்டு பேடிலுக்கும் காலில் மாட்டும் ஃபின்னுக்கும் தடை சொல்வார், கேட்டுக்கொண்டு போட வேண்டும்.

கைக்கடிகாரம் பற்றி நண்பர்கள் அதிகம் கேட்கிறார்கள். குளத்தில் அது தூரத்தை அளப்பதில்லை. சுவரை உதைத்துக் கிளம்பும் அசைவை வைத்து நீளங்களை எண்ணிப் பெருக்குகிறது, அவ்வளவுதான். குளத்தின் நீளத்தைத் தப்பாகக் கொடுத்தால் எல்லாக் கணக்கும் தப்பு. கிக்போர்டு பிடித்தால் கை அசையாது, எண்ணவும் எண்ணாது. இதயத்துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையின் புளூடூத் அலை தண்ணீருக்குள் போகாது. நீச்சலுக்கென்றே வந்த பட்டைகள் இதயத்துடிப்பைத் தங்களுக்குள்ளேயே சேமித்து, கரையேறிய பிறகு கடிகாரத்துக்கு அனுப்புகின்றன. கடலில் கை மேலே வரும்போது மட்டும் ஜி.பி.எஸ். கிடைப்பதால், கோடு குடிகாரன் நடந்த மாதிரிதான் வரும்.

இதைவிட எனக்குப் பயன்பட்டது தொப்பிக்குள் செருகும் ஃபினிஸ் டெம்போ டிரெய்னர். பொத்தான் அளவு கருவி, சொன்ன இடைவெளியில் பீப் அடிக்கும். 400 மீட்டரை முழு வீச்சில் ஒருமுறை, நன்றாக ஓய்வெடுத்து 200 மீட்டரை ஒருமுறை நீந்துங்கள். இரண்டு நேரத்தின் வித்தியாசத்தில் பாதிதான் 100 மீட்டருக்கு உங்கள் தாக்குப்பிடிக்கும் வேகம். 8:40, 4:10 என்று வந்தால் வித்தியாசம் 4:30, பாதி 2:15. அதை நான்காகப் பிரித்து 33.75 விநாடி என்று கருவியில் வைத்தால், ஒவ்வொரு பீப்புக்கும் 25 மீட்டரைத் தொட்டிருக்க வேண்டும். முதல் 100 மீட்டரில் பாய்ந்துவிட்டு நாலாவதில் திணறும் வியாதிக்கு இதுதான் மருந்து.

நீச்சல் உடையில் லைக்ரா கலந்தது சில மாதத்தில் பின்பக்கம் கண்ணாடியாகிவிடுகிறது. பாலியெஸ்டரும், அதன் ஒரு வகையான பி.பி.டி. துணியும் நின்று உழைக்கின்றன. போட்டியன்று மூன்றுக்கும் சேர்த்துப் போடும் டிரைசூட்டைக் குளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நீச்சல் கண்ணாடிக்கு உள்பக்கம் விரலால் துடைக்காமலிருப்பதே ஆயுள். பனிமூட்டத் தடுப்புப் பூச்சு அங்கேதான் இருக்கிறது.

இடத்தைப் பற்றி. கொண்டோ குளம் பெரும்பாலும் படம் எடுக்கக் கட்டியது. வளைவும் நெளிவுமாக, பத்துக் கை போட்டால் சுவர். டெக்னிக் பயிற்சிக்குச் சரி. 1998 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டிய புக்கிட் ஜாலில் குளம் போன்ற 50 மீட்டரில் நீந்தினால்தான் சுவர் உதைக்கும் சலுகை பாதியாகி, உண்மையான வேகம் தெரியும். திறந்தவெளிக் குளமென்றால் காலையிலேயே போய்விடுங்கள். சாயங்காலம் இடி இடித்தால் விசில் ஊதி எல்லோரையும் ஏற்றிவிடுவார்கள், கட்டணம் போனது போனதுதான்.

இன்னொன்று, தண்ணீருக்குள்ளும் வியர்க்கும். வெயிலில் காய்ந்த குளத்தில் ஒரு மணி நேரம் கடினமாக நீந்தினால் தலை கனக்கும். திறந்தநீர் நீச்சலுக்கு 31 டிகிரி மேல்வரம்பு என்று உலக நீச்சல் விதியே இருக்கிறது. 2010இல் ஃபுஜைராவில், வெதுவெதுப்பான கடலில் நடந்த 10 கி.மீ. போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்த பிறகு இந்த வெப்பப் பேச்சை யாரும் அலட்சியம் செய்வதில்லை. லேன் முனையில் தண்ணீர் போத்தல் இல்லாமல் நான் இறங்குவதில்லை.

கடல் பழக்கத்துக்கு விடியுமுன் கிளம்பி போர்ட்டிக்சன். அங்கே தண்ணீர் கலங்கல். நீட்டிய கையே தெரியாது. ஆகவே சில கைக்கு ஒருமுறை கண்ணை மட்டும் முதலைபோல் நீருக்கு மேல் கொண்டுவந்து கரையில் ஓர் உயரமான கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்பில் கட்டி இழுக்கும் ஆரஞ்சு மிதவை கட்டாயம், ஸ்பீட்போட்காரன் கண்ணில் அதுதான் படும். பையில் ஒரு போத்தல் வினிகரும் வையுங்கள். லங்காவி, பினாங்கு பக்கம் பெட்டி ஜெல்லிமீன் உண்டு. பட்டால் வினிகர்தான் ஊற்ற வேண்டும், குழாய் நீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் இன்னும் வெடிக்கும்.

கண்ணாடிக்குள்ளேயே வேகத்தைக் காட்டும் ஸ்மார்ட் நீச்சல் கண்ணாடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நண்பரிடம் இரவல் வாங்கிச் சில நாள் குளத்தில் போட்டேன். எண் தெளிவாகத் தெரிகிறது, சுவரில் நின்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கும் வேலை மிச்சம். போர்ட்டிக்சன் உப்பிலும் வெயிலிலும் ஒரு பருவம் தாங்குகிறதா என்று பார்க்காமல் அதற்குச் சான்றிதழ் கொடுக்க மாட்டேன். அதுவரை அந்தக் காசு சைக்கிள் டயருக்குப் போகட்டும்.