சுங்கை சிப்புட்டில் பேஸ்பால் கையுறைக்கு வார் மாற்றும் கடை

பள்ளி சாப்ட்பால் அணிகளுக்கு வார் அறுந்த கையுறை பெரிய தலைவலி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் இருக்கும் இந்த விளையாட்டுப் பொருள் கடையில் அதைச் சரிசெய்து கொடுக்கிறார்கள். கூலி நியாயம். வேலை, முக்கால் பங்கு பிரமாதம்.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வரும் வலைப்பகுதியைப் பின்னுவதில் குறையே இல்லை. பழைய வாரை மொத்தமாக உருவிவிடாமல், ஒரு துளையில் எடுத்த உடனே புது வாரை அதில் கோக்கிறார்கள். அதனால் பின்னல் வரிசை மாறுவதில்லை. சறுக்குவது மணிக்கட்டுப் பக்கம். அங்கே மெல்லிய வாரைப் போட்டுவிடுகிறார்கள். அதிகம் இழுபடும் இடம் அதுதான், சீக்கிரம் அறுந்துவிடும். கால் அங்குல வார் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். புது வார் முதல் சில ஆட்டங்களில் நீளும். மறுபடியும் இறுக்கித் தரச் சொன்னால் காசு கேட்பதில்லை.

எண்ணெய் விஷயத்தில்தான் கவனம் தேவை. சொல்லாவிட்டால் தாராளமாகப் பூசிவிடுவார்கள். எண்ணெய் மிஞ்சினால் தோல் கனத்து, பந்து விழும் குழி தொய்ந்துவிடும். துணியில் சில சொட்டு தொட்டு, காய்ந்த இடத்தில் மட்டும் தடவினால் போதும்.

கையுறையைப் பராமரிப்பதில் ஜப்பானிய பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசுகியைப் பார்த்துப் படிக்கலாம். அமெரிக்காவில் 3,089 ஹிட் (பந்தை அடித்துத் தளம் சேர்வது), 2004-இல் மட்டும் 262 என்று அவருடைய மட்டையைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். சியாட்டல் அணியின் வெளிக்களத் தடுப்பாளராக 2001 முதல் 2010 வரை ஆண்டு தவறாமல், சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதும் வாங்கியவர் அவர். 2025-இல் பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். ஆட்டம் முடிந்ததும் கையுறையைத் தானே துடைத்து வைப்பார். மட்டைகளை ஈரம் ஏறாத பெட்டியில் வைத்திருந்தார். நம் ஊர்ப் புழுக்கத்தில் இந்தப் பழக்கம் இன்னும் அவசியம். நனைந்த கையுறையைப் பைக்குள் திணித்தால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். துடைத்து, குழியில் ஒரு பந்தை வைத்து, நிழலில் காற்றாட விடுங்கள்.

புதுக் கையுறையும் இங்கே விற்கிறார்கள். பேஸ்பாலுக்கு உரியது சாப்ட்பாலுக்கு ஒத்துவராது. 9 அங்குலச் சுற்றளவுப் பந்துக்கான குழியில் 12 அங்குலப் பந்து அடங்காது. இடக்கையால் மட்டை பிடிக்கும் பிள்ளைக்கு இடக்கைக்காரர் கையுறை கேட்டுவிடாதீர்கள். பார்க்க வேண்டியது வீசும் கையை. இச்சிரோவும் இடப்பக்கம் நின்று அடித்தவர், வீசியது வலக்கையால், கையுறை இடக்கையில். உண்மையிலேயே இடக்கையால் வீசுபவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்; கடையில் தொங்குவதெல்லாம் வலக்கைக்காரருக்கானவை.