லேமினேட் செய்த பிறப்புச் சான்றிதழும் ஏழு வருடமும்

ஃபோன் வாங்கி ஏழு வருடம் ஓட்டியவர்கள் அனுபவம் எழுதுகிறார்கள். நான் ஒரு காகிதத்தை ஏழு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் மனைவியின் பிறப்புச் சான்றிதழ். 2018இல் கையில் எடுத்தது, இன்றும் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு அலமாரியில் மேல் தட்டில்தான் இருக்கிறது.

அவள் 1988இல் புதுக்கோட்டைப் பக்கம் பிறந்தவள். கையால் எழுதிய தமிழ்ச் சான்றிதழ். கிழியக்கூடாது என்று என் மாமனார் அதை அந்தக் காலத்திலேயே லேமினேட் செய்து வைத்திருந்தார். ஐயோ, அதுதான் முதல் வினை. இந்தியச் சான்றிதழை இங்கே மலேசியாவில் செல்ல வைக்க, மாநிலத் தலைமைச் செயலகம், இந்திய வெளியுறவு அமைச்சு, சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்கச் சொன்னார்கள். பிளாஸ்டிக் மேல் யார் முத்திரை குத்துவார்கள்? ஒரே முத்திரையில் வெளிநாட்டு ஆவணத்தை ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005இலேயே சேர்ந்துவிட்டதே, ஒரே முத்திரை போதாதா என்று கேட்டேன். போதாது. மலேசியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை, அதனால் நீண்ட வழிதான்.

இரண்டாவது வினை, பெயர்க் கட்டம் காலி. தகப்பன் பெயர், தாய் பெயர், தேதி, பாலினம் எல்லாம் உண்டு. பிள்ளையின் பெயர் மட்டும் இல்லை. மலேசியாவில் வளர்ந்த எனக்கு இது விசித்திரமாக இருந்தது. நம் சூராட் பெரானாக்கில் (மலாயில் பிறப்புச் சான்றிதழ்) பெயர் இல்லாமல் பார்த்ததே கிடையாது. தமிழ்நாட்டில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவது சாதாரணம். 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெயரைப் பிறகு சேர்க்க இடம் தருகிறது. அதற்கு 15 ஆண்டு வரம்பு உண்டு என்றாலும் பழைய பதிவுகளுக்கு அவ்வப்போது அவகாசம் நீட்டித்தார்கள். நாங்கள் போனபோது அந்த அவகாசம் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் அவளுடைய பள்ளி மாற்றுச் சான்றிதழோடு நகராட்சிக்கு மூன்று முறை நடந்தார்.

இதற்கிடையில் நான் இங்கே ஒரு அவசர வேலை செய்தேன். ஊரிலிருந்து புதுப் பிரதி வர எத்தனை நாளோ என்று, பழையதையே நகரத்தில் ஒரு மொழிபெயர்ப்புக் கடையில் மலாய்க்கு மாற்றக் கொடுத்தேன். 80 ரிங்கிட். மறுநாளே கிடைத்தது. படித்துப் பார்த்தால் மாமனார் சுப்பையாவுக்குப் பென்சிலுக்குப் போடும் 'பி' (P) இரண்டு போட்டிருக்கிறார்கள். மலேசியாவில் அப்படித்தான் எழுதுவோம், தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் அவளுடைய இந்தியக் கடப்பிதழில் (பாஸ்போர்ட்) பஸ்ஸுக்குப் போடும் 'பி' (B) இரண்டு. தமிழில் ஒரே 'ப்'. ரோமன் எழுத்துக்குப் போனதும் அவளுக்கு இரண்டு தகப்பன்! போதாக்குறைக்கு, இந்திய ஆவணம் எதிலும் இல்லாத 'அனாக் பெரெம்புவான்' (இன்னாரின் மகள்) என்பதைக் கடைக்காரர் அன்போடு சேர்த்துவிட்டார். திருப்பிக் கொடுத்தேன், பணம் திரும்பவில்லை.

நகராட்சியிலிருந்து வந்த புதுச் சான்றிதழ் தமிழும் ஆங்கிலமுமாக இருந்தது. அதில் மாமா பெயர் மூன்றாவது விதமாக வந்துவிடுமோ என்று பயந்து, கடப்பிதழின் நகலை முன்கூட்டியே மச்சானிடம் அனுப்பியிருந்தேன். அவர் அச்சடிக்கும் முன் திரையைப் பார்த்து, எழுத்தெழுத்தாகச் சொல்லி மாற்ற வைத்தார். ஏழு வருடத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அச்சடித்த பிறகு என்றால் அது 15ஆம் பிரிவுப்படி திருத்த மனு, தனி அலைச்சல்.

அப்புறம் அதை வங்சா மாஜுவில் உள்ள மலேசிய மொழிபெயர்ப்பு, புத்தகக் கழகத்தில் கொடுத்தேன். கடையைவிட நாள் கூடுதலாகத்தான் பிடித்தது. ஆனால் அவர்கள் முத்திரையோடு வந்ததைப் பார்த்து, யார் மொழிபெயர்த்தது என்று இதுவரை எந்தக் கவுண்டரிலும் கேட்கவில்லை. ஆங்கிலம் ஏற்கெனவே இருக்கிறதே, மலாய் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஆங்கிலத்தோடு போனபோதும் ஏற்றுக்கொண்டார்கள், உண்மைதான். மலாய்ப் பிரதி இருந்தால் கேள்வி குறைகிறது, அவ்வளவுதான்.

ஒரு முறை போட்டோகாப்பி எடுக்கும் கடையில், தாள் நேராக விழட்டும் என்று மொழிபெயர்ப்பையும் மூலப் பிரதியையும் சேர்த்திருந்த ஸ்டேப்பிளைப் பிடுங்கிவிட்டேன். கவுண்டரில் இருந்தவர் இரண்டு துளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது இதோடுதான் இருந்ததா?" என்றார். சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய் ஓர் அக்குவான் (சத்தியப் பிரமாணப் பத்திரம்) எழுதி வாங்கி வந்தபிறகுதான் முடிந்தது. இப்போது ஸ்டேப்பிள் மேல் செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன். பார்க்க அசிங்கம், பரவாயில்லை.

அவள் இங்கே தங்குவதற்கான சமூக வருகை பாஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அந்தக் கோப்பு கூடவே வந்திருக்கிறது. பாதிக்கு மேல் திறக்கக்கூட இல்லை. திறக்காமல் திரும்பிய நாளில்தான் நிம்மதி. நிஜமாக உழைத்தது, அந்த பாஸில் ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்து முடித்து நிரந்தர வசிப்பிடத்துக்கு மனுப்போட்டபோது. அன்று காரை எடுக்கவில்லை. செந்தூல் பாராட்டில் எம்ஆர்டி ஏறி புத்ராஜெயா சென்ட்ரல் வரை கோப்பை மடியில் வைத்துக்கொண்டே போனோம். 2018இல் அந்த ரயில் ஓடவில்லை. நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை இன்னும் வரவில்லை, காத்திருக்கிறோம்.

போன மாதம் மச்சான் போன் செய்தார். கனடாவில் இருக்கும் மகனிடம் போக விசாவுக்குத் தன் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தாராம்.

"என்ன மச்சான், பெயர் இருக்கா?"

"கட்டம் காலி," என்றார்.