செலவு முன்கணிப்பை வரைய எக்செலா, எம்.எஸ். ப்ராஜெக்டா?

சென்னை வேளச்சேரியில் ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும் வண்டி நிறுத்தத் தளம்) ஐந்து தளங்களும் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மாதவாரிச் செலவு முன்கணிப்பை எந்த மென்பொருளில் வரைவது என்று எங்கள் எஸ்டிமேஷன் பிரிவில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒரே பிஓக்யூவை, அதாவது வேலை இனங்களின் அளவும் தொகையும் கொண்ட பட்டியலை, எக்செலிலும், வேலைகளுக்குக் கால அட்டவணை போடும் மென்பொருளான எம்.எஸ். ப்ராஜெக்டின் டெஸ்க்டாப் பதிப்பிலும் இணையாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் ப்ராஜெக்டைத் தேர்ந்தோம். ஆகவே இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எக்செலைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. எல்லோரிடமும் இருக்கிறது, வங்கியும் ஆடிட்டரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வோர் இனத்தின் தொகையையும் மாதங்களுக்குச் சதவீதமாகப் பிரித்து, கூடுதலைத் திரட்டிக் கோடாக இழுத்தால் எஸ்-கர்வ் எனப்படும் எஸ் வடிவச் செலவுக் கோடு வந்துவிடும். முதல்முறை வரைவதில் எக்செல்தான் வேகம். வரைபடத்தின் தோற்றத்திலும் அதற்கே முதலிடம்.

ஆனால் முன்கணிப்பு வரைபடம் ஒருமுறை வரைந்து சுவரில் மாட்டும் பொருளன்று. மாதந்தோறும் திருத்தப்பட வேண்டியது. அந்தப் பராமரிப்புதான் எங்கள் முடிவைத் தீர்மானித்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் இந்த ஊரில், அந்த மாதங்களில் அடித்தள வேலை குறித்த தேதியில் முடியும் என்று எந்த சைட் இன்ஜினீயரும் எழுதிக் கொடுக்க மாட்டார். தூண்களைத் தாங்கும் ஃபுட்டிங் ஐந்து வாரம் தள்ளிப்போனால் அதைத் தொடரும் தூண்கள், ஸ்லாப், செங்கல் கட்டு, பூச்சு, டைல்ஸ் என யாவும் தள்ளிப்போகும். எக்செலில் அத்தனை வரிகளின் சதவீதங்களையும் கையால் மாற்றியாக வேண்டும். தொடக்க, முடிவுத் தேதிகளைக் கொண்டு தொகையைப் பிரிக்கும் சூத்திரத்தை எழுதிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். எனினும் எந்த வேலை எதன் பின்னால் வர வேண்டும் என்ற கணக்கையும் நாமே கட்டிக் காக்க வேண்டியிருக்கும்.

ப்ராஜெக்டில் வேலைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால் தேதி நகரும்போது தொகையும் உடன் நகர்கிறது. மாத முடிவில் ஸ்டேட்டஸ் தேதியை (எந்த நாள் வரையிலான நிலவரம் என்பதை) இட்டு, முடியாத வேலையை அதற்குப் பின்னால் தள்ளும்படி கட்டளை கொடுத்தால் போதும். இதைச் செய்யாமல் விட்டால், செய்யாத வேலையின் செலவு கடந்த மாதங்களிலேயே தங்கி, வரைபடம் பொய் சொல்லும். லிஃப்ட் போன்ற இனங்களின் நிலையான செலவைத் தொடக்கத்திலோ முடிவிலோ மொத்தமாகக் கணக்கில் கொள்ளவும், காலம் முழுவதும் பரப்பவும் வசதி உண்டு. பேஸ்லைன்கள், அதாவது ஒப்பிடுவதற்காக உறையவைத்த திட்டப் பிரதிகள், மொத்தம் 11 வரை சேமிக்கலாம் என்பதால், மழைக்கு முன் போட்ட கணிப்பையும் பின் போட்டதையும் ஒரே படத்தில் அடுத்தடுத்து வைத்து, கோடு எந்த மாதத்தில் எவ்வளவு விலகியது என்று உரிமையாளருக்குக் காட்ட முடிகிறது. எக்செலில் இதற்கு மாதம் ஒரு ஷீட்டை மதிப்புகளாக ஒட்டி வைக்கும் ஒழுக்கம் வேண்டும். ஆள் மாறினால் அந்த ஒழுக்கமும் போய்விடும்.

ப்ராஜெக்டில் ஓர் அமைப்பை மட்டும் முதலிலேயே மாற்றிவிட வேண்டும். உண்மைச் செலவைத் தானே கணக்கிடும் தெரிவு அதில் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது; வேலை 50 சதவீதம் முடிந்ததாகக் குறித்தால் மதிப்பீட்டுத் தொகையில் பாதி செலவானதாக அதுவே எழுதிக்கொள்ளும். சப்ளையர் பில்களின் தொகையை நாமே இட வேண்டுமானால் அந்தத் தெரிவை நீக்க வேண்டும்.

எக்செலை முழுதாகக் கைவிடவும் முடியவில்லை. ப்ராஜெக்ட் ‘கேஷ் ஃப்ளோ’ என்று பெயரிட்டுத் தரும் அறிக்கை, வேலை நடந்த காலத்தில் ஏற்படும் செலவைக் காட்டுகிறதே தவிர, கைக்குப் பணம் வந்து போகும் நாளைக் காட்டுவதில்லை. ஆர்.ஏ. பில் (வேலை நடக்க நடக்கப் போடும் இடைக்காலப் பில்) சான்றளிக்கப்பட்டு வர ஆகும் தாமதம், அதில் பிடித்துவைக்கப்படும் ரிடென்ஷன் தொகை, வேலை தொடங்கத் தந்த மொபிலைசேஷன் அட்வான்ஸுக்கான கழிவு ஆகியவற்றை, மாதத் தொகைகளை எக்செலுக்கு ஏற்றிய பிறகே சேர்க்கிறோம்.

மதிப்பீட்டையும் கால அட்டவணையையும் ஒரே இடத்தில் இணைத்துப் பண ஓட்டத்தையும் கணிக்கும் கேண்டி போன்ற மென்பொருள்கள் இந்த இரட்டை வேலையைத் தவிர்ப்பதற்காகவே உருவானவை. கேண்டியைச் செயல்விளக்கத்தில் பார்த்திருக்கிறேனே அன்றி ஒரு முழுத் திட்டத்தில் ஓட்டியதில்லை. எனவே எங்கள் அளவுள்ள நிறுவனத்துக்கு அதன் உரிமக் கட்டணம் கட்டுபடியாகுமா என்பதில் உறுதியான கருத்துச் சொல்ல மாட்டேன். மூன்று நான்கு மாதங்களில் முடிந்துவிடும் இன்டீரியர் வேலைக்கோ காம்பவுண்டுச் சுவருக்கோ நான் இன்றும் எக்செலைத்தான் திறக்கிறேன்.