ஹெட் விரிசலைக் காட்டும் மூன்று டப்பா: ஊட்டிக் குளிருக்கு ஒத்துவருமா?

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் போன வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மேடு ஏறினால் என்ன ஆகும் என்று மலை மெக்கானிக்குகளுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் 93 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தம்வரை தாங்கும் மூடி சரியாகப் பிடித்தால் 115 டிகிரியை ஒட்டிப் போகும்வரை கொதிக்காது. பிடிக்காவிட்டால் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட் பெண்டாகும், அதாவது வளையும், இல்லை விரிசல் விடும், பல நேரம் இரண்டும் நடக்கும்.

மாருதி ஜிப்ஸி கிங்கின் 1.3 லிட்டர் 16 வால்வ் இன்ஜினை ராலிக்கென்று பிரித்துக் கட்டுபவர்கள் போர்ட் (ஹெட்டின் காற்றுப் பாதை) தேய்ப்பதற்கும் கேமுக்கும் (வால்வைத் திறக்கும் தண்டு) பணத்தை இறைக்கும் முன் அந்த ஹெட் தேறுமா என்று பார்த்துவிட வேண்டும். அதற்குச் சுலபமான வழி கிளீனர், சிவப்புச் சாயம், டெவலப்பர் என்று மூன்று ஸ்ப்ரே டப்பாவாக வரும் செட். சாயம் விரிசலுக்குள் இறங்கும், மேலே இருப்பதைத் துடைத்தபின் டெவலப்பரின் வெள்ளைப் பொடி உள்ளே நின்ற சாயத்தை உறிஞ்சிச் சிவப்புக் கோடாகக் காட்டும். மேக்னாஃப்ளக்ஸின் ஸ்பாட்செக் பலருக்கும் தெரிந்த பெயர். வேறு கம்பெனி செட்டுகளும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். கோவையில் வெல்டிங் சாமான் கடைகளில் டி.பி. (டை பெனட்ரன்ட்) டெஸ்ட் செட் என்று கேட்டால் போதும். இரும்பு ஹெட்டுக்குக் காந்தப்பொடி சோதனை உண்டு, அலுமினியத்தில் அது எடுபடாது. ஆகவே இந்தச் சாயம்தான் கதி.

வாங்கத் தகுந்த பொருள், சந்தேகமில்லை. ஆனால் சமவெளிப் பட்டறையில் செய்வதுபோல் இங்கே செய்தால் ஏமாற்றிவிடும். சாயம் விரிசலுக்குள் தானாக ஊறி இறங்க வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே அது கெட்டிப்பட்டு மெதுவாகும். மார்கழி, தை மாதத்து ஊட்டிக் காலையில் பட்டறைத் தரையில் கிடந்த ஹெட்டில் வழக்கமான 10 நிமிடம் காத்திருப்பது வீண். அதைவிட மோசம், குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரக்காற்று பட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் வேர்த்திருக்கும் தண்ணீர். விரிசல் வாய்க்குள் முதலில் தண்ணீர் புகுந்துவிட்டால் சாயத்துக்கு இடமில்லை. ஹெட்டை வெந்நீரில் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, கை வைத்தால் இதமான சூடு இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும். 50 டிகிரியைத் தாண்டினால் சாயம் காய்ந்துவிடும், அதுவும் ஆகாது. டப்பாவையும் வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று வைத்தெடுங்கள். குளிர்ந்த டப்பாவில் அழுத்தம் குறைந்து டெவலப்பர் பொட்டுப் பொட்டாகத் துப்பும். அடுப்பு, கரிச்சட்டி பக்கத்தில் இந்த வேலையே வேண்டாம், மூன்றும் தீப்பிடிக்கக் கூடியவை.

கரியை எடுக்கக் கம்பி பிரஷைக் கிரைண்டரில் மாட்டி ஓட்டுவது பெரிய தப்பு. மிருதுவான அலுமினியம் இழுபட்டு விரிசல் வாயை மூடிவிடும், அப்புறம் எந்தச் சாயமும் எதையும் காட்டாது. கரி கரைக்கும் திரவமும் நைலான் பிரஷும் போதும். சாயம் அடித்து 20 நிமிடம் கழித்து, கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். ஹெட் மேலேயே கிளீனரைப் பீச்சினால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு வந்துவிடும். காட்டன் வேஸ்ட் நூல் விடும், பழைய வேட்டித் துணி உத்தமம்.

டெவலப்பரை நன்றாகக் குலுக்கி, ஒரு அடி தள்ளி, அடியில் உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சாக அடித்துவிட்டுக் கவனியுங்கள். வால்வ் சீட்டைச் (வால்வ் வந்து உட்காரும் வளையம்) சுற்றி ஒரு சிவப்பு வளையம் வரும். பயப்பட வேண்டாம், சீட்டை அழுத்தி ஏற்றிய இணைப்பு அது. ஸ்பார்க் பிளக் துளை மரையும் சிவக்கும். சிதறிய புள்ளிகள் வார்ப்பின் நுண்துளைகள். பார்க்க வேண்டியது இரண்டு சீட்டுகளுக்கு நடுவேயும் சீட்டிலிருந்து பிளக் துளையை நோக்கியும் ஓடும் மயிரிழைக் கோடு. அடித்த ஒரு நிமிடத்திலேயே ஊறி அகலமானால் உள்ளே நிறையச் சாயம் நிற்கிறது என்று அர்த்தம். கம்ப்ரஷன் கூட்டப்போகும் இன்ஜினில் சீட்டைத் தொட்ட கோடு தெரிந்தால் வேறு ஹெட் தேடுவதே நல்லது. ஆர்கான் வெல்டிங் செய்யலாம்தான். ஆனால் சூட்டில் சுற்றியுள்ள உலோகம் மிருதுவாகிவிடும். சீட் குழியைத் திரும்பக் கடைந்து, புது சீட் போட்டு, அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கும் ஃபேசிங்கும் செய்ய வேண்டும்.

இந்தச் செட்டின் பெரிய குறை, வெளிப்பரப்பில் வாய் திறந்த விரிசல் மட்டுமே இதில் தெரியும். குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டுக்குள்ளேயே இருக்கும் வெடிப்புக்கு, துளைகளை ரப்பரும் பிளேட்டும் வைத்து அடைத்து, 2–3 பார் காற்று கொடுத்து, சூடான தண்ணீரில் முக்கிப் பார்க்கும் பிரஷர் டெஸ்ட்தான் வழி. சாயம் முதலில், தண்ணீரில் முக்கும் டெஸ்ட் பிறகு. வரிசை மாறக்கூடாது.

பெண்டையும் இது சொல்லாது. ஸ்ட்ரெயிட் எட்ஜை (நேர்விளிம்புப் பட்டை) நீளம், குறுக்கு, மூலைவிட்டம் என ஆறு இடத்தில் வைத்து அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் ஃபேசிங். 74 மி.மீ. போர், 75.5 மி.மீ. ஸ்ட்ரோக், 9.5 கம்ப்ரஷன் ரேஷியோ என்று வைத்தால் 0.2 மி.மீ. சீவுவதில் ரேஷியோ அதிகபட்சம் 9.7 வரை ஏறும், கேம் டைமிங்கும் கொஞ்சம் பின்தங்கும். அடியை மட்டும் நேராக்கிவிட்டு, மேலே கேம் கையால் லேசாகச் சுழல்கிறதா என்று பார்க்காமல் விட்டால் பெண்டு மேலே அப்படியே இருக்கும்.

கிளீனர்தான் முதலில் தீரும். ஒரு சாயத்துக்கு இரண்டு கிளீனர் என்று வாங்குங்கள். கட்டும் முன் ஆயில் துளைகளில் ஒட்டிய வெள்ளைப் பொடியைக் காற்றடித்துக் கழுவிவிடுங்கள்.