ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டர்: தாராளமா யூஸ் பண்ணலாம்

நாகர்கோவில்ல எங்க டீம் மார்த்தாண்டத்துல உள்ள ஒரு ரப்பர் ஷீட் கடைக்கு பில்லிங் ஆப் பண்ணுது, ஆப் சர்வர்கிட்ட பேசுற ஒவ்வொரு ரெஸ்ட் ஏபிஐக்கும் டேட்டா எடுக்குற ஃபெட்ச் கோடு கையால எழுதுற வேலையே இப்ப இல்ல கேட்டியளா. ஏபிஐ விவரம் எழுதின யாமல் ஃபைல (அதுதான் ஸ்பெக்) ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டர்ங்கிற டூலுக்கு குடுத்தா, அந்த ஏபிஐய கூப்பிடுற ஜாவாஸ்கிரிப்ட் கிளையன்ட் கோடு ஃபுல்லா வந்துரும், டைப் செக் பண்ற டைப்ஸ்கிரிப்ட்-ஆக்சியோஸ்ங்கிற வகைய எடுத்தா இன்னும் சூப்பர், பேக்கெண்டுல (சர்வர் பக்கம்) ஒரு ஃபீல்டு பேரு மாறினாலும் திரும்ப ஜெனரேட் பண்ணதும் எடிட்டர்லயே சிவப்பு கோடு காட்டிரும். இந்த டூல் 2018ல ஸ்வாகர் கோட்ஜென்ங்கிற இதே மாதிரி பழைய டூல்ல இருந்து பிரிஞ்சு வந்தது, ஓப்பன் சோர்ஸ், பைசா கிடையாது.

ஆனா ஸ்பெக்ல ஆபரேஷன்ஐடி (ஒவ்வொரு ஏபிஐ வேலைக்கும் நாம வைக்கிற பேரு) எழுதாம விட்டா ‘ஷீட்ஸ்ஐடிகெட்’னு ஃபங்ஷன் பேரு வரும், பாக்கவே சகிக்காது, அத மட்டும் ஒழுங்கா எழுதிருங்க. என்பிஎம்ல (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற டூல்) போட்டாலும் மெஷின்ல ஜாவா வேணும், இல்லனா தேவையானதெல்லாம் உள்ளயே இருக்குற டாக்கர் கன்டெய்னர்ல ஓட்டிக்கலாம். ரொம்ப சின்ன ஆப்புக்கு இது தர்ற கோடு கொஞ்சம் ஜாஸ்திதான்.