அடுத்த அலைக்கு முன்: ஒக்சிசன் இயந்திரமா, விரல் மீற்றரா, திறந்த யன்னலா?

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ யாழ்ப்பாணத்துக்கு, ஊருக்கு வரும் பழைய மாணவர்கள் சுகாதாரத்துக்குக் காசு தர முன்வந்தால், முதலில் கேட்பது பெரும்பாலும் "என்ன மெஷின் வேணும்?" என்றுதான். மெஷின் என்றால் படம் எடுக்கலாம், பெயர் பொறிக்கலாம். அதில் தப்பு இல்லை. ஆனால் கொவிட் அடங்கிக் கிடக்கும் இந்த நேரத்தில் அந்தக் காசை எதில் போட்டால் அடுத்த முறை உயிர் தப்பும் என்பது வேறு கணக்கு. அடுத்து வருவது கொவிட்டின் புதிய திரிபாக இருக்கலாம், வேறொரு சுவாசத் தொற்றாகவும் இருக்கலாம்.

ஓய்வு எப்படிக் கைநழுவும் என்பதை நாங்கள் ஒருமுறை பார்த்தாயிற்று. 2020 ஜூன் கடைசியில் ஊரடங்கு முற்றாக நீங்கியது. செப்டெம்பர் முடிவில் நாடு முழுவதும் இறப்பு வெறும் 13. இடையில் ஓகஸ்ட் 5 பொதுத் தேர்தலையும் நடத்தி முடித்தோம். ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி (ஓரிடத்தில் இருந்து பலருக்குப் பரவிய தொற்று), அதன் பின்னால் பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணி. 2021 மார்ச்சில் யாழ். நகரச் சந்தைக் கடைகள் பூட்டப்பட்டன. ஓகஸ்டில் டெல்டா. கடைசியில் நாட்டின் மொத்த இறப்பு 16,000ஐத் தாண்டியது.

சரி, தெரிவுகளுக்கு வருவோம்.

சிலிண்டரும் செறிவூட்டியும்

ஆஸ்பத்திரி விறாந்தையில் நிற்கும் பெரிய ஜம்போ சிலிண்டரில் ஏறக்குறைய 7000 லீற்றர் ஒக்சிசன் இருக்கும். ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 5 லீற்றர் கொடுத்தால் 23 மணித்தியாலம் போகும். 10 லீற்றர் என்றால் 12 மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். நிலைமை மோசமாகி, உயர் ஓட்ட மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 60 லீற்றர் ஓடவேண்டி வந்தால் இரண்டு மணித்தியாலம்கூடத் தாங்காது. பத்துச் சிலிண்டர் அன்பளிப்பு என்று பலகை வைத்தாலும், கடும் நோயாளி ஒருவருக்கு அது ஒரு நாளைக்குக் காணாது.

முடிந்ததை நிரப்பத்தானே வேண்டும். கொழும்புக்கும் எங்களுக்கும் இடையில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வீதி திறந்திருக்க வேண்டும், லொறிக்கு டீசல் வேண்டும், அங்கே சரக்கும் இருக்க வேண்டும். 2021 ஓகஸ்டில் நாட்டுக்கே தட்டுப்பாடு வந்தபோது, இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். சக்தி விசாகப்பட்டினத்தில் இருந்து 100 தொன் திரவ ஒக்சிசனைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட நாட்களில் வெறும் சிலிண்டர் எத்தனை இருந்தாலும் அது இரும்புதான்.

செறிவூட்டி, அதாவது கொன்சன்ட்ரேற்றர், இந்தத் தொல்லையைத் தாண்டுகிறது. அறைக் காற்றை இழுத்து, சியோலைட் என்ற கனிமத் துகள்களில் நைதரசனைப் பிடித்துவைத்து, 90 வீதத்துக்கு மேல் ஒக்சிசனை வெளியே விடும். லொறி வேண்டாம். ஆனால் கரண்ட் வேண்டும். 5 லீற்றர் இயந்திரத்துக்கு 300 முதல் 400 வாற் வரை எடுக்கும், 10 லீற்றருக்கு இன்னும் கூட. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டில் இருந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. கூரையில் சோலார் இருக்கிறதே என்பார்கள். இங்கே வீட்டுக்கூரைகளில் பூட்டியிருப்பதில் பெரும்பகுதி மின்சார சபையின் இணைப்போடு சேர்ந்து ஓடுவது. லைன் போனால் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். பற்றரி வைக்காத சோலார், மின்வெட்டு நேரத்தில் ஒரு மின்விசிறியைக்கூடச் சுற்றாது. இதை அறியாமல் இயந்திரம் வாங்கித் தருபவர்கள் அதிகம்.

இன்னொன்று, செறிவூட்டியைப் பெட்டியில் பூட்டிவைத்தால் கெடும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் சியோலைட் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வலு இழக்கும். எங்கள் உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம். ஆகவே 'அலை வந்தால் எடுப்போம்' என்று களஞ்சியத்தில் வைப்பதை விட, ஆஸ்மா, நாட்பட்ட சுவாசநோய்க்காரருக்கு ஒவ்வொரு நாளும் பாவிக்கும் விடுதிக்குக் கொடுப்பதே புத்தி.

என் தீர்ப்பு: சாவகச்சேரி, பருத்தித்துறை, தெல்லிப்பழை போன்ற ஆதார வைத்தியசாலைகளுக்கும் அவற்றுக்குக் கீழுள்ள பிரதேச வைத்தியசாலைகளுக்கும் 10 லீற்றர் செறிவூட்டி, அதோடு கரண்ட் போனால் கைகொடுக்க நிரப்பிய சிலிண்டர். நெடுந்தீவு வேறு கதை. குறிகட்டுவானில் இருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. தீவின் மின்சாரம் தேசிய இணைப்பில் இல்லை, நெடுங்காலமாக டீசல் இயந்திரத்தை நம்பி இருந்தது. அங்கே சிலிண்டரையே முதலில் வைப்பேன், எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் காட்டமாட்டேன்.

வென்டிலேற்றர் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் ஒரே கேள்விதான்: இரவு முழுக்க அதன் பக்கத்தில் நிற்க, பழகிய தாதி யார்? 2022க்குப் பிறகு நாட்டை விட்டுப்போன வைத்தியர்களின் இடமே இன்னும் நிரம்பவில்லை.

விரல் மீற்றர்

டெல்டா காலத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த வரி, "உயிரிழந்த பின்னர் தொற்று உறுதி" என்பது. வீட்டில் கிடந்து, கடைசி நேரத்தில் கொண்டுபோய், வாசலிலேயே முடிந்தவர்கள். கொவிட்டில் ஒக்சிசன் இறங்கினாலும் சிலருக்கு மூச்சுத்திணறல் தெரியாது. கதைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பார்கள், இரத்தத்தில் ஒக்சிசன் அளவு 85 வீதத்தில் நிற்கும். விரலில் மாட்டும் பல்ஸ் ஒக்சிமீற்றர் இல்லாமல் வீட்டில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. 95உம் அதற்கு மேலும் நல்லது, 94க்கு இறங்கினால் வைத்தியரிடம் கதைக்கவேண்டும், 90க்குக் கீழே என்றால் அம்புலன்ஸ்.

விலையில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை. நல்ல செறிவூட்டி ஒன்றின் காசுக்கு மீற்றர் டசின் கணக்கில் வரும். ஆனால் மீற்றரை வீடு வீடாகப் பங்கிட்டால் மேசை லாச்சிக்குள் போய்விடும். குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுக்க வேண்டும். பிள்ளை நிறுக்க, கர்ப்பிணியைப் பார்க்க வருகிற அந்த அம்மாவுக்கு எந்த வீட்டில் சீனி வருத்தக்காரர், எந்த வீட்டில் தனியே இருக்கும் வயோதிபர் என்று தெரியும். கிழமைக்கு ஒருக்கால் வெளிநாட்டில் இருந்து அழைக்கும் மகனை விட அவருக்குக் கூடத் தெரியும்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். கறுத்த தோலில் இந்த மீற்றர்கள் உண்மையை விடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்று 2020 முதல் வந்த ஆய்வுகள் எச்சரிக்கின்றன. எங்கள் ஆட்களுக்கு அது நேரடியாகப் பொருந்தும். 95 என்று காட்டுகிறதே என்று ஆறுதல்படாமல், நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று இறக்கத்தைப் பார்க்கப் பழக்கவேண்டும். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அளவைக் குழப்பும்.

இதே கையோடு காய்ச்சல் பதிவும் ஓடினால் பலன் இரட்டிப்பு. 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் 'மர்மக் காய்ச்சல்' என்று ஆட்கள் இறந்தபோது, அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபிறகுதான் தடுப்பு மாத்திரை வேகமாகப் போனது. கார்த்திகை, மார்கழி வந்தால் டெங்கு வேறு. ஊருக்குள் கண்ணும் காதுமாக ஒருவர் இருந்தால் எந்த வருத்தத்துக்கும் உதவும்.

கழிவுநீரில் வைரஸ் தேடும் முறையையும் சிலர் முன்வைக்கிறார்கள். மேல்நாட்டு நகரங்களுக்கு அருமையான வழி. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு மலகூடக் குழி. எல்லாவற்றையும் சேர்த்து ஓரிடத்துக்குக் கொண்டுவரும் குழாய்த்தொகுதி நகரத்துக்கே இல்லை. பல்கலைக்கழக விடுதி, பெரியாஸ்பத்திரி போன்ற இடங்களில் மட்டும் செய்து பார்க்கலாம்.

யன்னல்

மூன்றாவது தெரிவைச் சொன்னால் சங்கக் கூட்டத்தில் சிரிப்பார்கள். காற்றோட்டம். இந்த வைரஸ் மூச்சுக்காற்றில் மிதந்து பரவுகிறது என்று இப்போது பெரிதாக யாரும் மறுப்பதில்லை. எங்கள் பழைய வீடுகளின் நடுமுற்றமும் திண்ணையும், கிடுகு வேய்ந்து அரைச்சுவர் வைத்த ரியூட்டறிக் கொட்டிலும் இந்த விடயத்தில் தாங்களாகவே நல்லவை. ஆபத்து புதிய கட்டடங்களில்: கண்ணாடியை இறுக்கிப் பூட்டி ஏசி போட்ட மாடி வகுப்பு, கலியாண மண்டபம், வங்கி. சுவரில் மாட்டும் சாதாரண ஏசி உள்ளே உள்ள காற்றையே குளிராக்கிச் சுற்றவிடும், வெளிக்காற்றை எடுக்காது.

காற்றோட்டத்தை அளக்க, நாங்கள் விடும் மூச்சில் உள்ள வாயுவைக் காட்டும் காபனீரொட்சைட்டு மீற்றர் ஒன்று போதும். வெளியே ஏறக்குறைய 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) காட்டும். அறைக்குள் 800க்குள் நின்றால் பரவாயில்லை. 1500, 2000 என்று ஏறினால் பிள்ளைகள் மற்றவர் விட்ட மூச்சையும் சேர்த்து இழுக்கிறார்கள். ஒரு மீற்றரை வாங்கி பாடசாலை, ரியூட்டறி, முன்பள்ளி என்று சுற்றவிட்டு, எங்கே யன்னல் வெட்டவேண்டும், எங்கே வெளியே இழுக்கும் காற்றாடி பூட்டவேண்டும் என்று பார்க்கலாம். ஒரு மேசனின் கூலியோடு முடிகிற வேலை. சாதாரண தடிமன் காய்ச்சலும் சேர்ந்து குறையும்.

தடுப்பூசியை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அது அரசாங்கத்தின் வேலை. 2021 மே கடைசியில் சினோபார்ம் இங்கே வந்தபோது நிலையங்களில் நின்ற கூட்டமே, எங்கள் சனத்துக்கு ஊசியில் பயம் குறைவு என்பதற்குச் சாட்சி. சங்கங்கள் செய்யக்கூடியது, வயோதிபரை ஏற்றி இறக்க ஓர் ஓட்டோ ஒழுங்குபண்ணுவது.

ஆக, காசைப் பிரிக்கச் சொன்னால் நான் பிரிப்பது இப்படி: பாதி செறிவூட்டிக்கு, ஆனால் பற்றரியும் மூன்று வருடத்துக்கான வடிகட்டிச் செலவும் அதற்குள் அடங்கவேண்டும், இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். மிச்சத்தில் பெரும்பங்கு குடும்பநல உத்தியோகத்தர்களின் மீற்றருக்கும் அவர்களின் போக்குவரத்துக்கும். கடைசிப் பங்கு யன்னலுக்கு. இதில் கடும் சண்டை வரப்போவது கடைசிப் பங்கில்தான்: ஏசி பூட்டியதாலேயே மாதக் கட்டணத்தைக் கூட்டிய ரியூட்டறிக்காரரிடம் போய், கண்ணாடியைத் திறவுங்கோ அண்ணை என்று யார் சொல்வது? எங்கள் சனசமூக நிலையத்தில் இதுவரை ஒருவரும் கை உயர்த்தவில்லை.